மஞ்சள் குமிழும் சிவப்பு லீவரும்



பழைய ஜீப்பிலோ, பழைய ஃபோர்வீல் டிரைவ் பிக்கப் வண்டியிலோ டிரைவர் பக்கம் எட்டிப் பார்த்தவங்களுக்குத் தெரியும். வழக்கமான கியர் லீவர் போதாதென்று பக்கத்திலேயே இன்னும் ஒன்றோ இரண்டோ லீவர்கள் தரையில் முளைத்து நிற்கும். முதல் வருஷ மாணவன் அதைப் பார்த்தால் எதைத் தொடுவது, எதைத் தொடக்கூடாது என்று திகைத்துத்தான் போவான். இப்போது வரும் வண்டிகளில் டேஷ்போர்டில் ஒரு சுவிட்சைத் திருப்பினால் வேலை முடிந்தது. ஆனால் சுவிட்ச் வருவதற்கு முன்னால், நாலு சக்கரத்துக்கும் சக்தி எப்போது போகணும், எப்போது போகக்கூடாது என்று முடிவு செய்தது டிரைவரின் கைதான். அந்தக் கைக்கு ஏற்ற மாதிரி ஒரு வண்டியைச் செய்து கொடுத்தவர்களில் முக்கியமான ஒருவர் மாரிஸ் வில்க்ஸ். லேண்ட்ரோவர் என்ற பெயரைக் கேட்காதவர் இல்லை. அதைக் கொண்டுவந்த இந்த இன்ஜினியரின் வாழ்க்கையை இந்த மலரில் நம் மாணவ நண்பர்களுக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

படிப்பும் முதல் வேலையும்

மாரிஸ் வில்க்ஸ் 1904ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஹேலிங் தீவில் பிறந்தார். மால்வர்ன் கல்லூரியில் படித்தார். 1926இல் அமெரிக்கா சென்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். ஆயிரக்கணக்கில் கார் செய்வது எப்படி என்பதை அங்கே நேரில் கண்டார். திரும்பி வந்து ஹில்மன் கார் கம்பெனியில் சேர்ந்தார். 1930இல் ரோவர் கம்பெனிக்கு வந்து, அதன் தலைமை இன்ஜினியர் ஆனார். அப்போது அவருக்கு வயது 26தான்!

அண்ணன் ஸ்பென்ஸர் வில்க்ஸ் அதே கம்பெனியில் ஏற்கெனவே இருந்தார். 1933இல் அவர் ரோவரின் நிர்வாக இயக்குநர் ஆனார். அண்ணன் நிர்வாகம், தம்பி வடிவமைப்பு. நஷ்டத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த கம்பெனியை இருவரும் சேர்ந்து நிமிர்த்தினார்கள். நிறைய கார் விற்பதைவிட, நன்றாகச் செய்த காரைக் கொஞ்சமாக விற்பதே அவர்கள் வழி.

அந்தக் காலத்து ரோவர் கார்களில் ஒரு விசேஷம் உண்டு. கியர் பாக்ஸுக்குப் பின்னால் ஒரு ஃப்ரீவீல் இருக்கும். நம் சைக்கிளின் பின்சக்கரத்தில் இருக்கிறதே, அதே தத்துவம்தான். பெடலை மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் ஓடும். அதுபோல ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கார் எஞ்சினை இழுக்காமல் தானே உருளும். கியர் மாற்றுவதும் சுலபம். இந்த ஃப்ரீவீலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கதையில் இது மறுபடி வரும்.

போரும் ஜெட் எஞ்சினும்

இரண்டாம் உலகப் போர் வந்தது. ஃபிராங்க் விட்டில் கண்டுபிடித்த ஜெட் எஞ்சினை உற்பத்தி செய்யும் பொறுப்பை 1940இல் அரசு ரோவரிடம் கொடுத்தது. மாரிஸும் அவருடைய ஆட்களும் அந்த வேலையில் இறங்கினார்கள். ஆனால் கண்டுபிடித்தவருக்கும் தயாரிப்பவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. தன் வடிவமைப்பை ரோவர் ஆட்கள் தன்னைக் கேட்காமல் மாற்றுகிறார்கள் என்று விட்டில் கோபப்பட்டார். தொழிற்சாலையில் செய்ய முடிகிற மாதிரி மாற்றாமல் முடியாது என்பது ரோவரின் நிலை. கடைசியில் 1943இல் ஜெட் வேலை முழுவதும் ரோல்ஸ்ராய்ஸுக்குப் போனது. பதிலுக்கு ரோவருக்குக் கிடைத்தது டாங்கிகளுக்கான மீட்டியார் எஞ்சின் வேலை.

இதற்கு நடுவில் கவென்ட்ரியில் இருந்த ரோவர் தொழிற்சாலை 1940ஆம் ஆண்டு குண்டுவீச்சில் பலமாகச் சேதமடைந்தது. போர் முடிந்ததும் கம்பெனி சோலிஹல் என்ற இடத்தில் இருந்த போர்க்காலத் தொழிற்சாலைக்குக் குடிபெயர்ந்தது. பெரிய கட்டடம், நிறைய மெஷின்கள், வேலையாட்கள் எல்லாம் இருந்தார்கள். இல்லாதது ஒன்றுதான், எஃகு! ஏற்றுமதி செய்கிறவனுக்குத்தான் எஃகு என்று அரசு ரேஷன் போட்டது. ரோவரின் பெரிய கார்களை வெளிநாட்டில் அத்தனை பேர் கேட்கவில்லை. சின்ன கார் ஒன்று செய்து பார்த்தார்கள், அதையும் பாதியில் கைவிட்டார்கள். இவ்வளவு பெரிய தொழிற்சாலையை வைத்துக்கொண்டு எதைச் செய்வது? இதுதான் அண்ணன் தம்பி இருவர் முன்னாலும் நின்ற கேள்வி.

பண்ணையில் ஒரு ஜீப்

பதில் கார் கம்பெனியில் கிடைக்கவில்லை, பண்ணையில் கிடைத்தது. வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்ஸி தீவில் மாரிஸுக்கு ஒரு பண்ணை இருந்தது. அங்கே இழுக்க, சுமக்க, சேற்றில் போய்வர எல்லாவற்றுக்கும் அவர் வைத்திருந்தது ராணுவம் கழித்துவிட்ட ஒரு வில்லிஸ் ஜீப். போரின்போது அமெரிக்காவில் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டதே, அதே ஜீப்தான். வண்டி உழைத்து உழைத்துக் களைத்திருந்தது. உதிரி பாகம் கிடைப்பதும் கஷ்டம்.

இது ஓய்ந்துபோனால் என்ன செய்வாய் என்று அண்ணன் கேட்டாராம். இன்னொரு ஜீப்தான் வாங்கணும், வேறு வண்டியே இல்லையே என்று தம்பி சொன்னாராம். அந்தப் பேச்சிலேயே விஷயம் பிடிபட்டது. வேறு வண்டி இல்லை என்றால் நாமே ஏன் செய்யக்கூடாது? 1947இல் ஆங்கிள்ஸியின் ரெட் வார்ஃப் கடற்கரையில் மணலில் கோடு போட்டு மாரிஸ் தம் அண்ணனுக்கு வண்டியின் உருவத்தை விளக்கினார் என்பது லேண்ட்ரோவர் வரலாற்றில் பிரபலமான செய்தி. டிராயிங் ஷீட், மினி டிராஃப்டர் எதுவும் இல்லாமல் போட்ட டிராயிங்!

அந்தக் கோடையிலேயே முதல் சோதனை வண்டி தயாரானது. ஜீப்பின் சட்டம், ரோவரின் எஞ்சின், ஸ்டியரிங் டிராக்டர் மாதிரி நடு மத்தியில். நடு ஸ்டியரிங் வைத்தால் இடது பக்கம் ஓட்டும் நாடு, வலது பக்கம் ஓட்டும் நாடு என்று இரண்டு மாடல் செய்ய வேண்டாம் என்பது யோசனை. ஓட்டிப் பார்த்தபோது வசதியாக இல்லை. உடனே விட்டுவிட்டார்கள். கார்டன் பாஷ்போர்ட், ஆர்தர் கோடார்ட், டாம் பார்ட்டன் போன்ற இன்ஜினியர்கள் மாரிஸின் கீழ் இரவு பகலாக உழைத்தார்கள்.

எஃகுத் தகடு கிடைக்காததால் உடலுக்கு பிர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவைத் தகடு. பெரிய பிரஸ் டை செய்யக் காசும் நேரமும் இல்லாததால் தட்டையான, சுலபமாக வளைக்கக்கூடிய பாகங்கள். சட்டத்துக்குக்கூட நாலு தட்டைப் பட்டைகளைப் பெட்டி மாதிரி சேர்த்து வெல்டிங் செய்தார்கள். இன்று லேண்ட்ரோவரின் அழகு என்று எல்லாரும் சொல்கிற அந்த நேர்கோட்டு உருவம் வறுமையில் பிறந்தது, நண்பர்களே!

1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் வண்டி வெளியானது. சக்கர இடைவெளி 80 அங்குலம். 1595 சிசி எஞ்சின், 50 குதிரைத்திறன். விலை 450 பவுண்டு. இரண்டு மூன்று வருஷம் சமாளிக்கத்தான் இந்த வண்டி, அப்புறம் காருக்கே திரும்பிவிடலாம் என்பது கம்பெனியின் திட்டம்.

நாலு சக்கரமும் எப்போதும்

இங்கேதான் நம் பாடம் ஆரம்பிக்கிறது. வண்டி வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்தில் போகும், பின்சக்கரங்கள் சின்ன வட்டத்தில் போகும். அதாவது அதே நேரத்தில் முன்சக்கரம் அதிகத் தூரம் ஓடியாகணும். முன் ஆக்ஸிலையும் பின் ஆக்ஸிலையும் கெட்டியாக இணைத்துவிட்டால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். சேற்றிலும் மணலிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்காது. அப்போது ஷாஃப்டுகளும் கியர்களும் முறுக்கேறி நிற்கும். இதைத்தான் விண்ட்-அப் என்கிறோம். ஸ்டியரிங் கனக்கும், டயர் தேயும், மிஞ்சினால் உடையும்.

வில்லிஸ் ஜீப் இதற்கு என்ன செய்தது? இரண்டு தனி லீவர் வைத்தது. ஒன்று முன் ஆக்ஸிலை இணைக்க, மற்றது ஹை, லோ மாற்ற. தார் ரோட்டில் முன் ஆக்ஸிலைக் கழற்றிவிட்டுப் போகணும். முன் ஆக்ஸிலை இணைத்த பிறகே லோ போட முடியும். 1940களின் இறுதியிலிருந்து மகிந்திரா நிறுவனம் மும்பையில் பொருத்தி விற்ற ஜீப்புகளும் இந்த வழியில் வந்தவைதான்.

மாரிஸ் வேறு வழியில் யோசித்தார். விவசாயிக்கு எதற்கு இந்த லீவர் குழப்பம்? நாலு சக்கரமும் எப்போதும் இணைந்தே இருக்கட்டும். முன் ஷாஃப்டில் ஒரு ஃப்ரீவீல் வைத்துவிட்டால் போதும். ரோவர் காரின் அதே பழைய ஃப்ரீவீல்! வளைவில் முன்சக்கரம் வேகமாக ஓட விரும்பினால் ஃப்ரீவீல் அதை ஓட விடும். பின்சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுற்ற ஆரம்பித்தால் ஃப்ரீவீல் பிடித்துக்கொண்டு முன்சக்கரத்தையும் இழுக்க வைக்கும். டிரைவர் எதையும் தொட வேண்டாம். எவ்வளவு அழகான யோசனை பாருங்க!

ஆனால் ஃப்ரீவீல் ஒரு பக்கம்தான் பிடிக்கும். சைக்கிளைப் பின்னோக்கி மிதித்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அதே கதைதான் இங்கேயும். ரிவர்ஸில் முன்சக்கரத்துக்குச் சக்தி போகாது. செங்குத்தான இறக்கத்தில் எஞ்சின் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். சேற்றில் மாட்டியவன் முதலில் செய்வதே ரிவர்ஸ் எடுப்பதுதான். மலை இறங்குகிறவனுக்கு முக்கியமே எஞ்சின் பிரேக்தான். அதற்காக டிரைவரின் காலடியில் ஒரு வளையம் வைத்தார்கள். அதை இழுத்தால் ஃப்ரீவீல் பூட்டிக்கொள்ளும். டிரைவர் எதையும் யோசிக்க வேண்டாம் என்று செய்த ஏற்பாட்டிலும், மிக ஆபத்தான நேரத்தில் டிரைவர்தான் ஞாபகம் வைத்து ஒரு வளையத்தை இழுக்க வேண்டியிருந்தது.

இரண்டு லீவர்களின் கணக்கு

1950இல் மாரிஸின் துறை அந்த ஃப்ரீவீலை எடுத்துவிட்டது. இரண்டே வருஷத்தில்! பதிலுக்கு வந்தது சாதாரண டாக் கிளட்ச். பல் பல்லோடு சேர்ந்தால் சேர்ந்தது, விட்டால் விட்டது. நடுவில் எதுவும் இல்லை. இதனோடு வந்தவைதான் நம் தலைப்பில் உள்ள மஞ்சள் குமிழும் சிவப்பு லீவரும்.

மஞ்சள் குமிழை அழுத்தினால் ஹை ரேஞ்சில் முன் ஆக்ஸில் இணையும். சிவப்பு லீவர் முன்னால் இருந்தால் ஹை, பின்னால் இழுத்தால் லோ. லோ போட்டதும் முன் ஆக்ஸில் தானாகவே இணைந்துவிடும். மஞ்சளைத் தனியாக அழுத்த வேண்டிய அவசியமே இல்லை. மறுபடி இரு சக்கர டிரைவுக்கு வரணும் என்றால் வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து, சிவப்பைப் பின்னால் இழுத்து, திரும்ப முன்னால் தள்ளணும். மஞ்சள் குமிழ் டக்கென்று மேலே எழும்பும்.

லோ போட்டால் நாலு சக்கரமும் ஏன் கட்டாயம்? ஒரு கணக்குப் போடுவோம். 1950களின் சீரிஸ் ஒன் வண்டியில் முதல் கியர் 2.996, டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் லோ 2.888, ஆக்ஸில் 4.7. மூன்றையும் பெருக்கினால் சுமார் 40.7. ஹை ரேஞ்ச் 1.148 போட்டுப் பெருக்கினால் சுமார் 16.2தான். அதாவது லோவில், உராய்வு இழப்பை ஒதுக்கிவிட்டால், எஞ்சினின் டார்க் 40 மடங்காகும். இத்தனையும் பின் ஆக்ஸில் ஒன்றின் தலையில் விழுந்தால் ஹாஃப் ஷாஃப்ட் என்ன ஆகும்? அதனால்தான் பாரத்தை இரண்டு ஆக்ஸிலுக்கும் பங்கு போட்டுவிடுகிறது லிங்கேஜ். டிரைவர் மறந்தாலும் வண்டி மறக்காது.

மாரிஸின் அணுகுமுறை இங்கே தெளிவாகத் தெரிகிறது. டிரைவர் யோசித்துச் செய்ய வேண்டியதை டிரைவர் கையிலேயே விட்டார்கள். அதாவது, ரோடா சேறா என்ற முடிவு. டிரைவர் தவறினால் வண்டி உடையும் என்ற இடத்தில் மட்டும் இயந்திரத்தையே பொறுப்பேற்க வைத்தார்கள். நிறமும் அதற்குத்தான் உதவுகிறது. குலுங்குகிற வண்டியில் எழுத்தைப் படித்துக்கொண்டிருக்க முடியாது, நிறம் கண்ணில் படும்.

அதே 1948இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ஆர்தர் வார்ன் என்பவர் வேறொரு வழி கண்டார். முன்சக்கரத்தின் ஹப்பிலேயே ஒரு பூட்டு. ரோட்டில் போகும்போது ஹப்பைத் திறந்துவிட்டால் முன் ஷாஃப்ட், டிஃப்ரன்ஷியல் எதுவும் வீணாகச் சுற்றாது. பழைய பிக்கப்புகளில் டிரைவர் கீழே இறங்கி இரண்டு பக்கமும் ஹப்பைத் திருப்பிவிட்டு, ஏறி வந்து லீவர் போடுவது இதனால்தான். ஹப்பைப் பூட்ட மறந்து லீவரை மட்டும் போட்டால் ஷாஃப்ட் சுற்றும், சக்கரம் இழுக்காது!

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் நண்பர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. ஃபோர்வீலில் தார் ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து, மஞ்சள் குமிழ் மேலே வரவில்லை, லீவர் நகரவில்லை என்று சிலர் சுத்தியலைத் தேடுவார்கள். வேண்டாம். விண்ட்-அப் ஏறிப் பற்கள் இறுகியிருக்கும். ஸ்டியரிங்கை நேராக வைத்து வண்டியைக் கொஞ்ச தூரம் ரிவர்ஸில் எடுங்கள். முறுக்கு இறங்கியதும் லீவர் தானே வரும்.

உயர்வும் முடிவும்

இரண்டு மூன்று வருஷத்துக்கு என்று செய்த வண்டி, சீக்கிரமே ரோவரின் கார்களைவிட அதிகமாக விற்றது. பண்ணை, ராணுவம், காடு, பாலைவனம் என்று எங்கும் போனது. 1954 மாடலில் 107 அங்குல சக்கர இடைவெளி கொண்ட பிக்கப் வந்தது. 1959இல் இரண்டரை லட்சம் வண்டிகள் ஆயின. நம் நாட்டில் டார்ஜிலிங் பக்கம் மணேபஞ்சங்கிலிருந்து சந்தக்ஃபு வரை கல்லும் முள்ளுமான மலைப்பாதையில் பழைய லேண்ட்ரோவர்கள் பல பத்தாண்டுகள் பயணிகளை ஏற்றி ஓடியிருக்கின்றன.

மாரிஸ் லேண்ட்ரோவரோடு நிற்கவில்லை. போரில் கைவிட்டுப் போன ஜெட் அனுபவத்தை வீணாக்காமல், 1950இல் கேஸ் டர்பைன் எஞ்சினில் ஓடும் ஜெட்1 என்ற காரை ரோவர் காட்டியது. 1952இல் அது மணிக்கு சுமார் 152 மைல் வேகம் தொட்டது. 1960இல் மாரிஸ் நிர்வாக இயக்குநர் ஆனார். 1962இல் கம்பெனியின் தலைவர் ஆனார். 1963ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், எந்த ஆங்கிள்ஸி தீவில் ஜீப் ஓட்டினாரோ அதே தீவில் திடீரென்று காலமானார். வயது 59தான். அவர் காலத்தில் உருவான ரோவர் 2000 கார் அடுத்த மாதம்தான் வெளியானது. அதை அவர் பார்க்கவில்லை.

அவர் கைவிட்ட யோசனைக்கும் ஒரு மறுபிறவி உண்டு. 1970இல் ரேஞ்ச் ரோவர் வந்தது. அதன் பின்னால் இருந்தவர் ஸ்பென் கிங், வில்க்ஸ் சகோதரர்களின் சகோதரி மகன். கூடவே அதே பழைய கார்டன் பாஷ்போர்ட். அந்த வண்டியில் நாலு சக்கரமும் எப்போதும் இணைந்தே இருந்தன. ஃப்ரீவீல் இருந்த இடத்தில் ஒரு சென்டர் டிஃப்ரன்ஷியல், சேற்றுக்கு அதைப் பூட்ட ஒரு குமிழ். டிஃப்ரன்ஷியல் முன்னாலும் பின்னாலும் ஒன்றுபோல வேலை செய்யும். ரிவர்ஸ் பிரச்சினையும் இல்லை, இறக்கத்தில் எஞ்சின் பிரேக் பிரச்சினையும் இல்லை. மாமா 1948இல் கேட்ட கேள்விக்கு மருமகன் 22 வருஷம் கழித்துப் பதில் எழுதினார். 1983இல் வந்த லேண்ட்ரோவரிலும் இதே முறைதான். அந்த வம்சத்தின் கடைசி வண்டி 2016 ஜனவரியில் சோலிஹல் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது.

நமக்கு என்ன?

மாரிஸ் வில்க்ஸ் வாழ்க்கையில் நமக்கு இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, தான் செய்யப்போகும் இயந்திரத்தின் வேலையைத் தன் கையால் செய்து பார்த்தவர் அவர். சேற்றில் ஜீப் ஓட்டாமல் இருந்திருந்தால் லேண்ட்ரோவர் வந்திருக்காது. இரண்டாவது, தாம் ரசித்துச் செய்த ஃப்ரீவீலை, எளிமையான ஒரு லீவர் மேல் என்று தெரிந்ததும் இரண்டே வருஷத்தில் கழற்றி வைத்தது. நடு ஸ்டியரிங்கையும் அப்படித்தான் விட்டார். புதிதாக ஒன்றைச் செய்வதைவிட, தான் செய்ததை விட்டுக்கொடுப்பது ஒரு இன்ஜினியருக்குக் கஷ்டமான வேலை.

நாளைக்கு நாமும் ஒரு ஷாப் ஃப்ளோரில் நிற்கப்போகிறோம். நம் டிராயிங்கை ஒரு ஃபிட்டரோ டிரைவரோ பார்த்து, இது சரிப்படாது சார் என்று சொல்லத்தான் போகிறார். அப்போது கோபம் வந்தால் அந்த மஞ்சள் குமிழை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வோம். அதற்கு முன்னால், வைவாவில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கேள்வி வந்தால் திகைக்காமல் பதில் சொல்வோம்!